ட்ரெய்லரில் ஒரு சாண் இடம்

குவாட் பைக்கை நம் ஊரில் பெரும்பாலோர் கடற்கரையிலோ மலைவாசத் தலத்திலோதான் பார்த்திருப்பார்கள். காசு கொடுத்து ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு இறங்கும் வண்டி அது. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து மலைச்சரிவுகளில் அதே நாலு சக்கர வண்டிதான் ஆடு வளர்ப்பவரின் அன்றாட வேலை வண்டி. தீவனம் ஏற்றிப் போவது, வேலி பார்ப்பது, ஈன்ற ஆட்டைத் தேடிப் போவது எல்லாம் அதில்தான். நிலம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஒரு துண்டு இங்கே, இன்னொன்று பத்துப் பதினைந்து மைல் தள்ளி. கொழுத்த டயரோடு அவ்வளவு தூரம் தார்ச்சாலையில் ஓட்டுவது வண்டிக்கும் நல்லதல்ல, ஓட்டுகிறவருக்கும் நல்லதல்ல. அதனால் காருக்கோ பிக்கப்புக்கோ பின்னால் ஒரு ட்ரெய்லர் தேவைப்படுகிறது. வாங்கப் போகிறவர் வழக்கமாகக் கேட்பது இரண்டுதான்: என்ன விலை, என் வண்டி இதில் ஏறுமா? ஏறினால் மட்டும் போதாது. ஏறிய வண்டியை முன்னே பின்னே நகர்த்தி நிறுத்த இடம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. விலையையும் பிரேக்கையும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இரட்டை மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் மிஞ்சினால் மாடு நடக்காது. ஒற்றை அச்சு ட்ரெய்லருக்கும் அதே கணக்கு. காரின் பின்னால் இருக்கும் இழுவைக் குண்டின்மீது ட்ரெய்லரின் மூக்கு கொஞ்சம் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பிரிட்டனில் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் 10 சதவீதம் வரை சொல்வார்கள். வித்தியாசம் என்னவென்றால், மாட்டுவண்டி மணிக்கு நாலு மைல் போகும். இது ஐம்பது மைல் போகும். மெதுவாகப் போகும்போது ட்ரெய்லரின் வால் லேசாக ஆடினாலும் தானே அடங்கிவிடும். வேகம் கூடக்கூட அந்த அடங்கும் குணம் குறைந்துகொண்டே வரும். ஓர் எல்லையைத் தாண்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் காரையும் சேர்த்து இழுத்துப் போட்டுவிடும். பின்பாரம் இருந்தால் அந்த எல்லை வெகு சீக்கிரமே வந்துவிடும்.

இது வெறும் அனுபவப் பேச்சல்ல. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, எடையையும் அது இருக்கும் இடத்தையும் மாற்றக்கூடிய ஒரு சோதனை ட்ரெய்லரைக் காரில் மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். பாரம் எப்படிப் பரவியிருக்கிறது, மூக்கில் எவ்வளவு அழுத்துகிறது, அச்சு எங்கே இருக்கிறது ஆகியவை அதிவேகத்தில் வண்டி நிலைகொள்வதைப் பெருமளவு மாற்றின. எடை மட்டும் கூடியதால் அத்தனை மாற்றம் வரவில்லை. “முந்நூறு கிலோ வண்டிதானே, எதில் ஏற்றினால் என்ன?” என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். முந்நூறு கிலோ பெரிய எடை இல்லை, உண்மைதான். ஆனால் மணலையோ விறகையோ போல அதைப் பரப்பிப் போட முடியாது. ஒரே கட்டியாக, நான்கு சக்கரத்தில், தளம் எங்கே இடம் கொடுக்கிறதோ அங்கேதான் நிற்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 300 கிலோ குவாட் பைக், 150 கிலோ ட்ரெய்லர், மொத்தம் 450 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மூக்கில் இருக்க வேண்டியது 7 சதவீதக் கணக்கில் சுமார் 31 கிலோ. இழுவைக் குண்டிலிருந்து அச்சுவரை 2 மீட்டர் என்றால், வண்டியை ஒரு சாண், அதாவது 23 சென்டிமீட்டர், பின்னால் நகர்த்தினால் மூக்கில் குறையும் அழுத்தம் 34 கிலோவுக்கும் மேல். இருந்த முன்பாரம் முழுவதும் போய், மூக்கு மேலே தூக்க ஆரம்பித்துவிடும். வேலைக்கான குவாட் பைக் பொதுவாக 2.1 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் இருக்கும். ஏழடித் தளத்தில் அது அளவெடுத்துத் தைத்ததுபோல உட்காரும். ஆனால் எந்த இடத்தில் நிற்கும் என்பதை ட்ரெய்லர் செய்தவர் முடிவு செய்துவிட்டார், உங்களுக்கு அதில் உரிமையில்லை. முன் கேரியரில் தீவன மூட்டை வைத்த வண்டிக்கும், பின்னால் மருந்து தெளிக்கும் டாங்க் மாட்டிய வண்டிக்கும் பாரத்தின் மையம் ஒன்றல்ல. எட்டடித் தளம் என்றால் சுமார் 30 சென்டிமீட்டர் கையில் இருக்கும். அந்த ஒரு சாணுக்காகத்தான் கூடுதல் பணம்.

நீளமான ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது கஷ்டம் என்று ஆட்சேபிப்பார்கள். நேர்மாறு. குட்டையான ட்ரெய்லர்தான் ஸ்டியரிங்கைத் தொட்டவுடன் சட்டென்று மடங்கிக்கொள்ளும். நீளமானது நிதானமாகத் திரும்பும், திருத்திக்கொள்ள நேரம் கொடுக்கும். ஆட்டத்தை அடக்க உராய்வுப் பட்டை வைத்த ஸ்டெபிலைசர் கிடைக்கிறதே என்பது இன்னொரு வாதம். நல்ல கருவிதான், ஆனால் தவறாக ஏற்றிய பாரத்தை அது சரிசெய்யாது, தவறை ஓட்டுநரின் கண்ணிலிருந்து கொஞ்ச நேரம் மறைத்து வைக்கும். ட்ரெய்லரே வேண்டாம், பிக்கப்பின் முதுகில் ஏற்றிவிடலாம் என்பவர்கள் சரிவைக் கணக்கில் எடுப்பதில்லை. 80 சென்டிமீட்டர் உயரத் தளத்துக்கு 2 மீட்டர் பலகை சாய்த்தால் ஏற்றம் கிட்டத்தட்ட 24 டிகிரி. அந்தச் சரிவில் ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்திவிட்டால் குவாட் பைக் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டியவர்மேலேயே மல்லாக்க விழக்கூடும்.

ட்ரெய்லரிலும் ஏற்றும் நேரம் ஆபத்தில்லாததல்ல. 45 சென்டிமீட்டர் உயரத் தளத்துக்கு 1.2 மீட்டர் சாய்தளம் என்றால் 22 டிகிரி, அதுவே 1.8 மீட்டர் என்றால் 14 டிகிரிக்குச் சற்று மேல். ஆகவே தளத்தின் உயரத்தையும் சாய்தளத்தின் நீளத்தையும் டேப் வைத்து அளந்து பார்ப்பது பெயின்ட்டைப் பார்ப்பதைவிட முக்கியம். முன்சக்கரம் இரண்டும் சாய்தளத்தைத் தாண்டித் தளத்தின் பின்விளிம்பில் ஏறும் அந்தக் கணத்தைக் கவனியுங்கள்: எடை முழுவதும் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது, வால் தாழ்கிறது, மூக்கு காரின் பின்பக்கத்தைத் தூக்குகிறது. காரில் மாட்டாமல் ஏற்றினால் ட்ரெய்லர் அப்படியே அண்ணாந்துவிடும். பின்மூலைகளில் இறக்கி ஊன்றும் கால்கள் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்க வேண்டும்.

கட்டும் கொக்கிகளும் அப்படித்தான். பிரிட்டிஷ் வழிகாட்டு நெறிப்படி, பாரத்தைப் பிடித்திருக்கும் கட்டு முன்பக்கம் பாரத்தின் முழு எடையையும், பக்கவாட்டிலும் பின்னாலும் பாதி எடையையும் தாங்க வேண்டும். பக்கப் பலகையில் திருகிய வளையம் அதற்கு லாயக்கில்லை. சட்டத்தோடு பற்றவைத்த நான்கு வளையங்களாவது வேண்டும்.

இனி பிரேக். பிரிட்டனில் பிரேக் இல்லாத ட்ரெய்லரின் மொத்த எடை 750 கிலோவையோ இழுக்கும் வண்டியின் எடையில் பாதியையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. 1,200 கிலோ கார் என்றால் உச்சம் 600. நாம் போட்ட 450 கிலோ கணக்கு இதற்குள் அடங்கிவிடுகிறது. ஒரே ஒரு குவாட் பைக்குக்காகப் பிரேக் வைத்த ட்ரெய்லர் வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கேபிள், டிரம், பராமரிப்பு என்று தேவையில்லாத செலவு. இரண்டு வண்டி ஏற்றும் எண்ணம் இருந்தால் கதை வேறு: 600 கிலோவோடு ட்ரெய்லரின் எடையும் சேர்ந்தால் 750-ஐ எளிதில் தாண்டிவிடும். இரட்டை அச்சு அப்போதுதான் பொருந்தும். 2021 டிசம்பர் 16 முதல் சாதாரண கார் லைசென்ஸ் இருந்தாலே, தனித் தேர்வு இல்லாமல் 3,500 கிலோ ட்ரெய்லர்வரை இழுக்கலாம் என்று பிரிட்டன் விதியைத் தளர்த்தியிருக்கிறது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகப் பெரிதாக வாங்குகிறவர்கள், பாரம் ஏற்றத் தெரியுமா என்று பார்க்க இப்போது தேர்வாளரும் இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பழைய ட்ரெய்லர் வாங்குவதில் தவறில்லை, ஆனால் டயரைப் பார்த்து வாங்குங்கள். டயரின் பட்டன் தேயாமலேயே பக்கச்சுவர் வெடித்திருக்கும், ஏனென்றால் அது ஓடியதைவிட வயலோரம் வெயிலிலும் மழையிலும் நின்றதே அதிகம். சின்னச் சக்கரம் அதே வேகத்துக்கு அதிகச் சுற்று சுற்றும், சீக்கிரம் சூடேறும். பேரிங்கைக் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். எல்லாம் திருப்தி என்றால், விலை பேசுவதற்கு முன் உங்கள் குவாட் பைக்கை, வழக்கமாக ஏற்றும் சாமான்களோடு, அங்கேயே ஏற்றிப் பாருங்கள். ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றி, மூக்கு குண்டின் உயரத்துக்கே வருமாறு ஒரு கட்டையை நிறுத்தி, அதன் அடியில் வீட்டில் எடை பார்க்கும் மெஷினை வையுங்கள். முள் 30-க்கும் 45-க்கும் நடுவில் நிற்கும்வரை வண்டியை நகர்த்துங்கள்; உங்கள் காரின் இழுவைக் குண்டுக்குக் குறித்திருக்கும் உச்ச எடையை அது தாண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்தில் முன்சக்கரத்தை ஒட்டித் தளத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். நகர்த்தவே இடமில்லை என்றால், வேறு ட்ரெய்லரைப் பார்க்கலாம்.