சம்பளக் கணக்கில் காணாமல் போகும் நாட்கள்

சிறு தொழில் தொடங்குகிறவருக்குச் சம்பளக் கணக்கை நடத்த நான்கு வழிகள் உண்டு. நோட்டிலோ எக்செல்லிலோ தானே போட்டுக்கொள்ளலாம். டேலி, சோஹோ போன்ற மென்பொருளிடம் விடலாம். மாதக் கட்டணத்துக்கு ஒரு பி.எஃப். கன்சல்டன்ட்டிடம் கொடுக்கலாம். ஆட்களையே லேபர் கான்ட்ராக்டர் மூலம் எடுத்து, கணக்கு அவர் பாடு என்று இருந்துவிடலாம். எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குப்பமான நெட்டுக்குப்பத்தில் படகுக்குப் பங்குதான் கணக்கு. டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சியதைப் பிரித்துக்கொள்வார்கள். அதே குடும்பத்துப் பிள்ளை கரையில் வெல்டிங் பட்டறை போட்டால் பங்கு கூலியாகிவிடுகிறது. கூலியோடு மாதத்தின் 15-ஆம் தேதியும் வந்து சேர்கிறது. முந்தைய மாதத்துக்கான பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணம் இரண்டையும் கட்ட அதுவே கடைசி நாள்.

வாசகர் கடிதங்களில் பெரிய குழப்பம் பதிவு எண்ணைப் பற்றியது. 2020 பிப்ரவரியிலிருந்து பிரைவேட் லிமிடெட் கம்பெனியைப் பதிவு செய்யும்போதே பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்களும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. எண் வந்த அன்றே பணம் கட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை. இ.எஸ்.ஐ.க்கு 10 பேர், பி.எஃப்.புக்கு 20 பேர் என்ற வரம்பைத் தொட்டால்தான் கட்டாயம். தனிநபர் பெயரிலோ கூட்டாகவோ நடத்தும் தொழிலுக்கு எண் தானாக வராது. வரம்பைத் தொட்டதும் போய் வாங்க வேண்டும்.

இதில் இரண்டு கண்ணிகள். தலை எண்ணும்போது கான்ட்ராக்டர் அனுப்பிய ஆட்களும் சேர்த்தி. இன்னொன்று, 20-ஐ ஒருமுறை தொட்டுவிட்டால் பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே வர முடியாது. மூன்று வருடம் கழித்து அதிகாரி வந்து எண்ணினால், விட்டுப்போன தொழிலாளர் பங்கைப் பழைய தேதிக்குச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் பொதுவாக இடம் தராது. இரண்டு 12 சதவீதமும் முதலாளி கையிலிருந்தே போகும். கூடவே ஆண்டுக்கு 12% வட்டி. அதற்கு மேல், 2024 ஜூனிலிருந்து தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 1% ‘டேமேஜ்’.

நோட்டோ மென்பொருளோ கன்சல்டன்ட்டோ, எந்த வழியில் போனாலும் பி.எஃப். அலுவலகத்துக்குக் கடைசியில் போய்ச் சேருவது ஒரே பொருள்தான்: ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. ஒரு தொழிலாளிக்கு ஒரு வரி. வரியில் 11 விவரங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே #~# என்ற குறி. யு.ஏ.என். என்ற தொழிலாளியின் நிரந்தர பி.எஃப். எண், பெயர், மொத்தச் சம்பளம், பி.எஃப்.புக்கான சம்பளம் என்று போய், முடிவுக்கு ஒன்று முன்னால் வருவது ‘என்.சி.பி. நாட்கள்’, அதாவது அந்த மாதத்தில் சம்பளம் இல்லாத நாட்கள். விடுப்புக்காக வைத்த கட்டம். கான்ட்ராக்ட் தொழிலில் பல காலமாக இது வேறு வேலைக்குப் பயன்பட்டு வருகிறது.

நாள் கூலி 750 ரூபாய்க்கு ஒருவர் மாதம் 24 நாள் வேலை செய்தால் 18,000 ரூபாய். முறைப்படி 15,000 என்ற உச்சவரம்பின் மேல் 12%, அதாவது 1,800 ரூபாய் அவர் பங்கு. அதே அளவு முதலாளி பங்கு. இ.எஸ்.ஐ.க்கு முதலாளி 3.25% என்ற கணக்கில் 585 ரூபாய் தர வேண்டும். கோப்பில் 12 நாள் வேலை, மீதி சம்பளமில்லா நாள் என்று எழுதிவிட்டால் சம்பளம் 9,000 ஆகிவிடுகிறது. முதலாளியின் பி.எஃப். பங்கு 1,080, இ.எஸ்.ஐ. 293. ஒரு தலைக்கு மாதம் சுமார் ஆயிரம் ரூபாய் மிச்சம். நாள் கூலி 750 என்றே நிற்பதால் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்கும் கணக்கு இடிக்காது. மீதி 9,000 கையில் ரொக்கமாக வரும். தன் பிடித்தமும் குறைகிறதே என்று தொழிலாளியும் சும்மா இருந்துவிடுவார். தப்பு நடக்கிறது, புகார் சொல்ல ஆள் இல்லை. இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் அதுதான்.

விலை தெரியவருவது நோய் வந்தபின். இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பணத்துக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை கிடைக்கும். நோய்க்காலப் படி கேட்க அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது பங்களிப்பு இருக்க வேண்டும். மாதம் 12 நாள் காட்டினால் ஆறு மாதத்துக்கு 72. ஆறு நாள் குறைவு. உண்மையான நாட்களை எழுதியிருந்தால் கூலியில் 70%, நாளுக்கு 525 ரூபாய், ஆண்டுக்கு 91 நாள் வரை, ஆக 47,775 ரூபாய் வரை அவர் வீட்டுக்குப் போயிருக்கும். செப்டம்பரில் தொலைந்த நாட்களை அவர் பிப்ரவரியில், காய்ச்சலில் கிடக்கும்போது கண்டுபிடிக்கிறார். பி.எஃப். ஓய்வூதியக் கணக்கிலும் அவை சம்பளமில்லா நாட்களாகவே பதிந்துகிடக்கும்.

ஆகவே எந்த வழி என்பதைவிட, வருகைப் பதிவை யார் எழுதுகிறார் என்பதே முதல் கேள்வி. மென்பொருள் கொடுத்த எண்ணைப் பெருக்கும், சந்தேகப்படாது. ‘முழுக்கத் தானியங்கி’ என்ற விளம்பரம் பெருக்கலுக்கு மட்டுமே பொருந்தும். பத்துப் பதினைந்து பேர் வரை எக்செல்லே போதும். இருபதை நெருங்கும்போது மென்பொருளோ கன்சல்டன்ட்டோ தேவைப்படும். அப்போதும் வருகைப் பதிவேடு பட்டறையை விட்டு வெளியே போகக் கூடாது.

கன்சல்டன்ட்டை அமர்த்துகிறவர் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தளங்களுக்கான மொபைல் எண்ணையும் பாஸ்வேர்டையும் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். “அவரிடம் பணம் கொடுத்துவிட்டேன்” என்பது சட்டத்தின் முன் பதிலாகாது. கோப்பு ஏறியதும் டி.ஆர்.ஆர்.என். என்ற எண் உருவாகும். அதை பி.எஃப். இணையதளத்தில் போட்டால் பணம் உண்மையில் சேர்ந்ததா என்று தெரியும். சலான் அச்சடித்த தாளை நம்புவதைவிட அந்த இரண்டு நிமிடம் மேல்.

கான்ட்ராக்டர் வழி எண்ணூர், மணலி ஆலைகளுக்குப் பழகியது. ஆலை வாசலில் பில் பாஸாக வேண்டுமென்றால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலானைக் காட்ட வேண்டும். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் பொறுப்பு முதன்மை முதலாளியான ஆலையின் தலையில் விழும் என்பதால்தான் இந்தக் கெடுபிடி. சலானைச் சரிபார்ப்பவர்கள் அதில் எத்தனை நாள் என்று பார்ப்பது அரிது. சிறு பட்டறைக்குச் சலான் கேட்கும் பலமும் கிடையாது, பொறுப்பு மட்டும் ஒட்டிக்கொள்ளும். நான்கில் இது கடைசித் தேர்வாகவே இருக்கட்டும்.

29 தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்புகளாகச் சுருக்கி 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த மத்திய அரசு இதை எளிமை என்கிறது. எளிமையானது பெயர்ப்பட்டியல், 15-ஆம் தேதி அப்படியே இருக்கிறது. உண்மையில் மாறியது ‘ஊதியம்’ என்பதன் வரையறை. படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மிகுதி ஊதியத்தோடு சேரும். 15,000 உச்சவரம்பின் மேல் பி.எஃப். பிடிக்கும் இடத்தில் கைச்சம்பளம் குறையாது என்று அமைச்சகம் விளக்கியது; அதுவரை சரி. ஆனால் 30,000 சம்பளத்தில் 10,000-ஐ மட்டும் அடிப்படை என்று காட்டி 1,200 பிடித்த இடத்தில், வரையறைப்படி ஊதியம் 15,000 ஆகிறது, பிடித்தம் 1,800. கையில் 600 குறையும். சேமிப்பு கூடுகிறது என்பது உண்மைதான், ஆனால் வாடகை கைச்சம்பளத்தில்தானே போகிறது.

மற்ற கேள்விகள்.

சம்பளம் எப்போது தர வேண்டும்? அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள்.

அட்வான்ஸை எவ்வளவு பிடிக்கலாம்? எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

இ.எஸ்.ஐ. யாருக்கு? மாதம் 21,000 வரை வாங்குபவருக்கு. அவர் பங்கு 0.75%.

நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால்? நடப்புப் பங்களிப்பு அரையாண்டு முடியும் வரை பிடித்தம் தொடரும்.

தொழிலாளர் நல நிதி? ஐந்து பேர் இருந்தாலே உண்டு, ஆண்டுக்கு ஒருமுறை.

போனஸ்? 20 பேர் இருந்தால், குறைந்தது 8.33%.

தொழில் வரி? கத்திவாக்கம் நகராட்சி 2011-இல் சென்னையோடு இணைந்ததால் நெட்டுக்குப்பத்தின் வரி மாநகராட்சிக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். மாதம் 13,000 வாங்கும் வெல்டருக்கும் அதே 1,250, மாதம் 3 லட்சம் வாங்கும் ஆலை மேலாளருக்கும் அதே 1,250.