கூண்டுக்கு முன்னால் வந்த கிளிகள்

நூறு கிளிகள் ஒரே நாளில் வந்து இறங்கிவிட்டன. கூண்டுகள் வந்து சேரவில்லை. வண்டி ஓட்டிவந்தவர் அத்தனை பறவைகளையும் தரைத்தளத்து முடிதிருத்தும் அறைக்குள் விட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். பிறகு வந்த கூண்டுகளோ பிரித்து அடுக்கிய பெட்டிகளில் இருந்தன. ஊழியர்கள் கூண்டைப் பூட்டுவதும் கிளியைத் துரத்துவதுமாக அல்லாடியதைக் கண்ணாடி வழியே பார்த்து, முதியவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

இது நடந்தது 1991-இல், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், நியூ பெர்லின் என்ற சிற்றூரில் உள்ள சேஸ் மெமோரியல் முதியோர் பராமரிப்பு இல்லத்தில். நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று வளர்ப்போமே, அந்த வகைக் கிளிகள்தாம். ஏற்பாடு செய்தவர் அங்கே புதிதாகப் பொறுப்பேற்ற இளம் மருத்துவர் பில் தாமஸ். முதியவர்களை வாட்டுபவை சலிப்பு, தனிமை, கையாலாகாத உணர்வு ஆகிய மூன்றும்தான் என்பது அவர் முடிவு. அதற்கு அவர் எழுதிய மருந்துச்சீட்டில் கிளிகளோடு இரண்டு நாய்கள், நான்கு பூனைகள், அறைதோறும் செடிகள், காய்கறித் தோட்டம், ஊழியர்களின் குழந்தைகள் என எல்லாம் இருந்தன.

படுக்கையே கதியென்று கிடந்த சிலர் எழுந்து வந்து, நாயைத் தாங்களே நடத்திக் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு கிளிக்கும் ஒரு பெயர் கிடைத்தது, ஒரு சொந்தக்காரரும் கிடைத்தார். இரண்டு ஆண்டுகளில், ஒப்பிட்டுப் பார்த்த மற்றோர் இல்லத்தைவிட அங்கே மருந்துச் சீட்டுகள் பாதியாகக் குறைந்தன. இறப்பும் 15 சதவீதம் குறைந்தது. மருத்துவர் அதுல் கவாண்டே 2014-இல் வெளியிட்ட 'பீயிங் மார்ட்டல்' நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஓர் இல்லத்தின் கணக்கை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் காலையில் தீனி போட ஒரு கிளி காத்திருக்கிறது என்றால், எழுந்து உட்கார ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

பாட்டு வேலை செய்வதும் இப்படித்தான். மாலை நான்கு மணிக்கு எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து ஒரே பாட்டைப் போடுவது பொழுதைத்தான் போக்கும். அவரவர் பாட்டை அவரவருக்குக் கொடுத்தால் என்ன என்று யோசித்தவர் டான் கோஹன் என்ற சமூகப் பணியாளர். 2006-இல் அவர் ஐபாட் கருவிகளை முதியோர் இல்லங்களுக்கு எடுத்துச் செல்லத் தொடங்கினார். அவரது முயற்சியைப் படம்பிடித்த 'அலைவ் இன்சைட்' ஆவணப்படத்தில் புரூக்ளினைச் சேர்ந்த ஒரு முதியவர் வருகிறார். மறதி நோய். தலை தொங்கிக் கிடக்கிறது. கேட்டால் பதில் இல்லை. காதில் ஹெட்போனை மாட்டியதும் கண்கள் அகல விரிகின்றன, உடம்பு ஆடுகிறது, வாய் முணுமுணுக்கிறது. இன்னும் வியப்பு அதைக் கழற்றிய பிறகுதான்: கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறார், தனக்குப் பிடித்த பாடகர் கேப் காலோவே போலப் பாடியும் காட்டுகிறார். அதே படத்தில் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் இதை விளக்குகிறார். பதின்வயதிலும் இருபதுகளிலும் மனதில் ஊறிய பாட்டு, மற்ற நினைவுகள் கரைந்த பின்னும் நெடுநாள் தங்குகிறது.

இருந்தாலும் பாட்டு மந்திரமல்ல. பின்னர் இந்த முறையை அமெரிக்காவில் 54 இல்லங்களில் சோதித்தபோது, ஊழியர்களின் மதிப்பீட்டின்படி முதியவர்களின் பதற்றம் குறிப்பிடும்படி குறையவில்லை. கருவியை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. சார்ஜ் போட்டு, முதியவர் எந்த நேரத்தில் தவிப்பார் என்று கவனித்து, பக்கத்தில் உட்கார்ந்து மாட்டிவிட ஓர் ஆள் வேண்டும். ஏற்கெனவே ஆள் பற்றாத இல்லங்களில் இதுதான் பெரும்பாடு.

எந்தப் பாட்டு என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டாரே. அப்பாவை இல்லத்தில் சேர்க்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுக்கிறோம். அவர் இளவயதில் இலங்கை வானொலியில் எதற்காகக் காத்திருந்தார், எந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தார், சவரம் செய்யும்போது எதை முணுமுணுப்பார் என்பதையும் அதே சீட்டின் பின்பக்கம் எழுதித் தரலாம்.