பெட்டியில் போகாத பூ

ரோஜாவை மொட்டாக வெட்டி, குளிரூட்டிய பெட்டியில் அடைத்து, கண்டம்விட்டுக் கண்டம் அனுப்பலாம். போய்ச் சேர்ந்த வீட்டில் விரியும். டேலியாவிடம் அது நடக்காது. மொட்டாக வெட்டினால் மொட்டாகவே வாடிவிடும். நன்றாக விரிந்த பிறகு வெட்டினாலோ, ஜாடியில் ஐந்து நாள் தாங்கினால் பெரிது. பெரிய வியாபாரிகள் ஒதுங்கிக்கொள்ளும் இந்தப் பூவைத்தான் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் சிறு பண்ணைக்காரர்கள் வளர்க்கிறார்கள். பக்கத்து ஊர்ச் சந்தைக்கும் கல்யாண வீட்டுக்கும் அன்றன்றே கொடுத்துவிடலாமே!

ஊட்டி, கொடைக்கானல் பூங்காக்களில் நாம் பார்க்கும் அதே டேலியாதான். பூர்வீகம் மெக்சிகோவின் மலைப்பகுதி. 1791-இல் மாட்ரிட் தாவரவியலாளர் கவனில்லெஸ், ஸ்வீடன் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டால் நினைவாக இதற்குப் பெயர் வைத்தார். பெரும்பாலான செடிகளில் குரோமோசோம் தொகுதி இரண்டு. தோட்டத்து டேலியாவில் எட்டு. அதனால் விதை போட்டால் தாய்ச்செடி மாதிரியே பூக்காது. அதே பூ வேண்டுமென்றால் கிழங்குதான் நடவேண்டும்.

அதிலும் எல்லாக் கிழங்கும் உதவாது. பழைய தண்டோடு ஒட்டிய கழுத்துப் பகுதியில்தான் முளைக்கண் இருக்கும். கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. உறைபனிக் காலம் போனதும் நாலைந்து அங்குல ஆழத்தில் நடுகிறார்கள். முளை தலைகாட்டும்வரை பெரும்பாலும் தண்ணீர் விடுவதில்லை, விட்டால் அழுகிவிடும். செடி ஓரடி வளர்ந்ததும் நடுநுனியைக் கிள்ளுகிறார்கள். மனசு வராதுதான், ஆனால் கிள்ளினால்தான் பக்கக் கிளைகள் வெடித்து நீளக் காம்புகள் கிடைக்கும்.

வெட்டுவது வெயில் ஏறுமுன். பூவைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கவேண்டும்: பின்னிதழ்கள் விறைப்பாக இருந்தால் வெட்டலாம், காகிதம்போல் உலர்ந்திருந்தால் வயதாகிவிட்டது. வாடிய பூத்தலைகளையும் விடாமல் கிள்ளவேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் இது. உருண்டையாக இருந்தால் மொட்டு, கூம்பாக இருந்தால் பூத்து முடிந்தது.

'கஃபே ஓ லே' என்ற பால்காபி நிற ரகம் 20 சென்டிமீட்டர் அகலத்துக்கும் மேல் விரியும். காம்புக்குப் பாரம் அதிகம். அதனால் அதைத் தாழ்வாக, ஜாடி விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் பந்துபோன்ற சிறு ரகங்களை மேலே எழும்பவிடுவது நல்லது. தண்ணீருக்குள் இலை இருக்கக் கூடாது. தண்ணீரைத் தினமும் மாற்றவேண்டும்.

முதல் உறைபனியில் செடி கறுத்துவிடும். பிறகு தோண்டினால், ஒற்றைக் கிழங்கு நட்ட இடத்தில் ஒரு கொத்தே இருக்கும். கண் பார்த்துப் பிரித்து, அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைத்தது போக மிச்சத்தை விற்கிறார்கள். பூ போகாத தூரத்துக்கும் கிழங்கு தபாலில் போகும்.