டுரியான் அல்லாத டுரியான்

மலேசியச் சந்தைகளில் பச்சைத் தோலும் மென்மையான முட்களும் கொண்ட ஒரு பழம் விற்கப்படுகிறது. மலாய் மொழியில் அதன் பெயர் ‘டுரியான் பெலாண்டா’. ‘பெலாண்டா’ என்றால் ஹாலந்து. பெயரைக் கேட்பவர், அது ஹாலந்து நாட்டு டுரியான் என்றே எண்ணுவார். உண்மையில் அது டுரியான் இனமும் அன்று; ஹாலந்தில் விளைந்ததும் அன்று. அது வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. அதன் முட்களைக் கண்டவர்கள் தங்களுக்குப் பழக்கமான டுரியானின் பெயரைச் சூட்டினர். வெளியிலிருந்து வந்தது என்பதைக் காட்ட ‘பெலாண்டா’ என்று சேர்த்துக்கொண்டனர்.

தமிழர் அதனை ‘முள்சீத்தா’ என்பர். இந்தப் பெயர் உறவைச் சரியாகவே காட்டுகிறது. அப்பழம் சீத்தாப்பழத்திற்கு மிக நெருங்கியது. சீத்தாவின் அறிவியல் பெயர் அனோனா ஸ்குவமோசா. முள்சீத்தாவின் பெயர் அனோனா மூரிகாட்டா. முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் அதற்குள் அடங்கும் இனத்தையும் குறிக்கின்றன. ஆகவே, இரண்டு பழங்களையும் பார்த்திராத ஒருவர்கூடப் பெயரைக் கொண்டே அவற்றின் உறவை அறியலாம்.

இந்த இருசொற்பெயர் முறையைத் தாவரங்கள் அனைத்திற்கும் சீராகப் பயன்படுத்தியவர் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ். அவருடைய நூல் 1753ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்குமுன், ஒரு செடியைக் குறிப்பிட அறிஞர்கள் நீண்ட லத்தீன் வருணனைகளை எழுதிவந்தனர்.

வழக்குப் பெயர்கள் பெரும்பாலும் தோற்றத்தையே பார்க்கின்றன. மலாயில் கொய்யா ‘ஜம்பு பாத்து’. முந்திரி ‘ஜம்பு காஜுஸ்’. இரண்டும் ஜம்பு என்றாலும், முந்திரி மாமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. கொய்யா வேறு குடும்பம். தமிழிலும் இத்தகைய மயக்கம் உண்டு. ‘கொடிமுந்திரி’ என்பது திராட்சையைக் குறிக்கும். அதற்கும் முந்திரிக்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை.

பெயர் மயக்கம் சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் நட்சத்திரப் பழத்தை உண்ணக்கூடாது. அதிலுள்ள நச்சுப்பொருளை அவர்களின் உடல் வெளியேற்ற இயலாததால் மூளை பாதிக்கப்படும். ஆய்வுக் கட்டுரைகளில் இப்பழம் அவெரோவா கரம்போலா எனப்படும். அந்தப் பெயரால் எந்த நாட்டு மருத்துவரும் எந்தப் பழம் என்பதை ஐயமின்றி அறிந்துகொள்வார். ஆனால், ‘பெலிம்பிங்’ என்ற பெயரை மட்டுமே அறிந்த மூதாட்டியிடம் லத்தீன் பெயரைச் சொல்லிப் பயனில்லை; ‘நட்சத்திரப் பழம்’ என்றாலும் அவருக்குப் புரியாமல் போகலாம். அவரிடம் ‘பெலிம்பிங் சாப்பிடாதீர்கள்’ என்றுதான் எச்சரிக்க வேண்டும்.

அறிவியல் பெயர்கள் லத்தீன் வடிவில் இருப்பதால் அவற்றை முற்றிலும் அந்நியமானவை என்று கருதுவோர் உள்ளனர். டுரியானின் பேரினப் பெயரான டுரியோ, முள்ளைக் குறிக்கும் ‘டுரி’ என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. மாம்பழத்தின் பெயர் மாஞ்சிஃபெரா இண்டிகா. ‘ஃபெரா’ என்பதற்குத் ‘தாங்குவது’ என்று பொருள். அதற்கு முன்னுள்ள பகுதியோ, தமிழின் ‘மாங்காய்’, மலையாளத்தின் ‘மாங்ஙா’ ஆகிய சொற்களோடு தொடர்புடைய ‘மங்கா’ என்னும் போர்த்துகீசியச் சொல். லின்னேயஸ் சூட்டிய அப்பெயரின் பொருள், ‘இந்தியாவில் மாங்காய் தாங்கும் மரம்’ என்பதாகும்.