பழைய கம்ப்யூட்டரைக் கொளுத்தாதீங்க, கொடுத்துடுங்க!

போகி முடிந்த நாலாம் நாள். காரைக்காலில் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு தாய் பத்து வயது மகனை அழைத்து வந்திருந்தார். "மூணு நாளா இருமுறான் டாக்டர். கண்ணும் எரியுதாம்" என்றார். விசாரித்தால், பையன் நண்பர்களோடு சேர்ந்து பழைய கம்ப்யூட்டர் ஒயர்களைக் கொளுத்தியிருக்கிறான். எதற்கு? உள்ளே இருக்கும் செம்புக்கம்பியை எடைக்குப் போட!

இருமல் போய்விடும். ஆனால் அந்தப் புகை? ஒயரின் பி.வி.சி. உறை எரியும்போது டையாக்சின் என்ற நச்சு கிளம்புகிறது. அது உடம்பின் கொழுப்பில் பல வருடங்கள் தங்கிவிடும். பழைய பெட்டி மானிட்டரின் கண்ணாடியில் ஒரு கிலோவுக்கு மேல்கூடக் காரீயம் இருக்கும். உடைத்தால் ஆபத்து.

உலோகங்களை மருந்தாக்கும் சித்த வைத்தியர்கள் நாங்கள். சுத்தி செய்யாத உலோகத்துக்கு எவ்வளவு பயப்படுவோம் என்று எங்களைக் கேளுங்கள்! காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். படிப்பில் மந்தம், சோகை, வயிற்றுவலி என்று பின்னால் வரும். 'இந்த அளவு வரை பரவாயில்லை' என்று சொல்லும்படி ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். "ஒரு கஷாயம் எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்காதீர்கள். காரீயத்தை விரட்டும் கஷாயம் என்னிடம் இல்லை. சந்தேகம் இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

2022-ல் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம்தான்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது!

அமெரிக்காவின் போர்ட்லாண்டில் 2000-ல் தொடங்கிய 'ஃப்ரீ கீக்' அமைப்பு, ஊரார் தரும் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்துத் தேவைப்படுவோருக்குத் தருகிறது. பெங்களூருவின் குடிசைப் பகுதி ஒன்றில் தன்னார்வலர்கள் பழைய கம்ப்யூட்டர்களையும் இலவச மென்பொருளையும் வைத்தே அம்பேத்கர் பெயரில் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் நடத்திக் காட்டினார்கள்.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றதும் பலர் நல்ல கம்ப்யூட்டரையே ஒதுக்கிவிட்டார்கள். லினக்ஸ் போட்டால் அவற்றில் பல இன்னும் ஓடும். காசும் கிடையாது. பழைய மாணவர் சங்கமோ நூலகமோ முன்வந்தால் நம் ஊரிலும் இதைச் செய்யலாமே!

கவனிக்க வேண்டியவை:

* மொட்டை மாடியில் போட்டு வைக்காதீர்கள். நம் உப்புக்காற்று ஒரே மழைக்காலத்தில் துருவேற்றிவிடும்.

* கொடுக்கும் முன் ஹார்டு டிஸ்க்கை முழுசாக அழிக்கச் சொல்லுங்கள்.

* தூசி தட்டும்போது மூக்கில் துணி கட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்திலேயே வரவேண்டாம்.

* உப்பிய லேப்டாப் பேட்டரியைக் குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். பெட்டி மானிட்டரைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும்.

* இனி தேறாது என்றால், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேருங்கள்.

மருந்து வாங்கிக்கொண்டு எழுந்த அந்தத் தாய், "எங்க பரண்மேலயும் ஒண்ணு கெடக்கு டாக்டர்" என்றார். உங்கள் வீட்டுப் பரணையும் இன்றே ஒருமுறை பாருங்களேன்!