ஆறாம் ஜோடிக்கு எந்தச் சுருதி?

டிரெஸ்டன் அரசவையில் இசையமைப்பாளர் சில்வியஸ் லியோபால்ட் வைஸ் வாசித்த பரோக் லூட் என்ற தந்தி வாத்தியத்தில் 24 தந்திகள். முதல் இரண்டும் ஒற்றைத் தந்திகள். மற்ற 22-ம் இரண்டிரண்டாக நெருங்கி நின்று 11 ஜோடிகளாகின்றன. ஒற்றைத் தந்திகளையும் சேர்த்தே எண்ணுவதால் ஜோடிகள் மூன்றில் தொடங்கிப் பதிமூன்றில் முடிகின்றன. ஒரு ஜோடியின் இரண்டு தந்திகளையும் விரல் ஒன்றாகவே மீட்டும். தம்பூராவின் நடுத்தந்திகள் இரண்டும் ஒரே சுருதியில் இருப்பதுபோல, மூன்று முதல் ஐந்து வரையுள்ள ஜோடிகள் ஒரே சுருதியில் நிற்கும். ஆறாவதிலிருந்து வழக்கம் மாறுகிறது. கனத்த தந்திக்குப் பக்கத்தில், ஒரு ஸ்தாயி மேலே பேசும் மெல்லிய தந்தியைக் கட்டுவார்கள்.

ஏன் இப்படி? ஆட்டுக்குடல்தான் காரணம். அன்றைய தந்திகள் பெரும்பாலும் குடலை முறுக்கிச் செய்தவை. நீளமும் இழுவிசையும் மாறாமல் சுருதியை ஒரு ஸ்தாயி இறக்க வேண்டுமானால், தந்தியின் தடிமன் இரு மடங்காக வேண்டும். முதல் தந்திக்கும் பதிமூன்றாம் ஜோடிக்கும் இடையே இரண்டரை ஸ்தாயிக்கு மேல் தூரம். முதல் தந்தி 0.42 மி.மீ. என்றால், கடைசித் தந்தி 2.6 மி.மீ.-ஐத் தாண்டிவிடும். பல லூட்டுகளில் கீழ்த்தந்திகளைக் கொஞ்சம் நீளமாக்கி இதைச் சமாளித்தார்கள். ஆனாலும் தடித்த குடல் விறைப்பானது, எளிதில் வளையாது. மேற்சுரங்கள் சீக்கிரம் அடங்கிவிடும், ஒலி மந்தமாகும். இந்தக் குறையைப் பக்கத்திலுள்ள மெல்லிய தந்தி ஈடுகட்டுகிறது: அதன் சுரங்கள் கனத்த தந்தியின் 2, 4, 6-ஆவது மேற்சுரங்கள் இருக்க வேண்டிய இடத்திலேயே விழுகின்றன. அதனால் காது அவற்றை இரண்டு ஒலிகளாகப் பிரிப்பதில்லை. கட்டைவிரல் பட்டதும் மெல்லியது பளிச்சென்று பேசுகிறது, கனத்தது அதற்கு அடியில் நிரம்பி வருகிறது. கீழ்ச்சுரம் தெளிவாகக் கேட்டதாகவே நமக்குத் தோன்றும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஆங்கில லூட் கலைஞர் ஜான் டௌலண்ட் 1610-லேயே கீழ்த்தந்திகளில் ஸ்தாயி ஜோடி வேண்டாம், அது இசை விதிக்குப் பொருந்தாது என்று எழுதினார். அவருடைய வாதத்தில் நியாயம் இருக்கிறது. பரோக் லூட்டில் ஆறாம் ஜோடியின் மெல்லிய தந்தி, மூன்றாம் ஜோடியின் அதே சுருதியில் ஒலிக்கிறது. அடியில் நடக்க வேண்டிய வரி நடுக்குரலுக்குள்ளும் எட்டிப்பார்க்கும். போதாததற்கு, மெட்டில் அழுத்தும்போது தடித்த தந்தி மெல்லியதைவிட அதிகம் சுருதி ஏறும். ஒன்பதாவதிலிருந்து கீழே பெரும்பாலும் திறந்த தந்தியாகவே மீட்டுவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. சிக்கல் முழுக்க ஆறு, ஏழு, எட்டில்தான்.

1660-களில் குடலின்மேல் உலோகக் கம்பி சுற்றிய தந்திகள் லண்டனில் விற்பனைக்கு வந்தன. கம்பி கனத்தைத் தருவதால் தந்தி தடிக்க வேண்டியதில்லை. மேற்சுரங்களுக்கும் குறைவில்லை. இன்றைய கம்பி சுற்றிய தந்திகளோ வேண்டியதற்கு மேலேயே நெடுநேரம் ஒலிக்கின்றன.

ஆகவே எந்தச் சுருதி என்பதைத் தந்தியின் பொருளைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பேன். முழுக்கக் குடல் தந்தி போட்ட லூட்டுக்கு ஆறிலிருந்தே ஸ்தாயி ஜோடி வேண்டும். கம்பி சுற்றிய தந்தி போட்டிருந்தால் ஆறாவதை மட்டும் ஒரே சுருதியில் கட்டிப் பார்க்கலாம். ஏழிலிருந்து கீழே ஸ்தாயி ஜோடியை விடக்கூடாது, வைஸின் இசை அந்த ஒலியை நம்பி எழுதப்பட்டது. எதுவானாலும் மெல்லிய தந்தியின் இழுவிசை கனத்ததைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் அது தனிக்குரலாகத் துருத்தும்.

1721-இல் மறைந்த லோஜி பிரபுவுக்காக வைஸ் இயற்றிய இரங்கல் இசையைக் குடல் தந்தியில் ஒருமுறை, நவீனத் தந்தியில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கவனம் கட்டைவிரல் சுரங்கள்மேல் இருக்கட்டும்.