மினமாட்டாவின் மீனும் விஷமும்

ஜப்பானின் கியூஷூ தீவிலுள்ள மினமாட்டா என்னும் கடற்கரை நகரில், சிஸ்ஸோ இரசாயனக் கம்பெனியின் ஆஸ்பத்திரித் தலைவராயிருந்த வைத்தியர் ஹோசோகாவா, கைகால் தள்ளாடிப் பேச்சுக் குழறும் நோயாளிகளைக் கண்டு, மூளையைப் பற்றும் இனம் தெரியாத வியாதியொன்று தோன்றியிருப்பதாகச் சுகாதார நிலையத்துக்கு அறிவித்தது 1956-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதியன்று. அவ்வூர்ச் செம்படவர் வீட்டுப் பூனைகள் வெறி பிடித்தாற்போல் சுழன்றாடி மாளத் தொடங்கியதோ அதற்கும் முன்பே.

தொற்று நோயோ என்ற அச்சத்தில் முதலில் நோயாளிகளைப் பிரித்து வைத்தார்கள். ஆனால் குமாமோட்டோ சர்வகலாசாலையினர் ஆராய்ந்தபோது, மினமாட்டா வளைகுடாவின் மீனையும் சிப்பியையும் அன்றாட ஆகாரமாகக் கொண்ட குடும்பங்களையே அவ்வியாதி நாடிச் சென்றது என்பது அவ்வாண்டு முடியுமுன்னரே புலனாயிற்று. மறு ஆண்டில், ஆரோக்கியமான பூனைகளுக்கு அம்மீனை ஊட்ட, அவையும் அதே வியாதிக்கு இரையாயின.

எதன் வழியாக விஷம் உடலில் புகுகிறது என்பது ஒரு வினா. அவ்விஷத்தின் பெயர் யாது என்பது வேறொரு வினா. முன்னதற்கு விடை கிடைத்த மாத்திரத்திலேயே உயிர்களைக் காக்க முற்படலாம். பின்னதன் விடை சாஸ்திரத்துக்கு இன்றியமையாததாயினும், அதற்காகக் காத்திருக்கலாம். 1957-இல், மீன் விற்பனையைச் சட்டப்படி தடுக்கலாமா என்று மினமாட்டா அடங்கிய குமாமோட்டோ பிரதேசத்து நிர்வாகம் வினவியபோது, வளைகுடாவின் எல்லா மீன்களும் விஷமேறியவை என்பதற்குத் தெளிவான அத்தாட்சி இல்லை என்று மத்திய சுகாதார அமைச்சு மறுத்துவிட்டது. அம்மீனை உண்டே ஜீவிக்க வேண்டியிருந்த ஏழைகளுக்கு இழைத்த பெருங்கொடுமை என்றே அதனைச் சொல்வேன்.

1958-இல் சிஸ்ஸோ கம்பெனியின் ஆலை தன் கழிவுநீரை வளைகுடாவில் விடாமல் மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்தில் விடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு முதல் அப்பக்கத்துக் கரையோரத்திலும் மக்கள் நோயுறலாயினர். எந்த விஞ்ஞானியும் மனிதர்மீது நடத்தத் துணியாத பரிசோதனை இவ்வாறு தானே நடந்தேறி, காரணம் இடம் பெயர்ந்தால் காரியமும் உடன் பெயரும் என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டியது.

மாங்கனீஸ், செலினியம், தாலியம் என ஒவ்வொன்றாய்ச் சந்தேகித்து வந்த ஆராய்ச்சியாளர்கள், இங்கிலாந்தில் விதைகளுக்கான பாதரச மருந்து தயாரித்த தொழிலாளரைப் பற்றி 1940-இல் வெளியான வைத்தியக் குறிப்போடு இந்நோயின் குறிகள் ஒத்திருக்கக் கண்டு, கரிமப் பாதரசமே விஷமென்று 1959 ஜூலையில் அறிவித்தனர். அவ்வாண்டு அக்டோபரில், ஆலையின் அசிட்டால்டிஹைடு பகுதிக் கழிவுநீரை உணவில் கலந்து ஹோசோகாவா ஊட்டிவந்த, 400 என்று எண்ணிட்ட பூனையும் நோயுற்றது. கம்பெனி அம்முடிவை வெளியிடவில்லை.

ஆலைக் கழிவே காரணமென்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டது 1968 செப்டம்பரில். ஆலையின் அசிட்டால்டிஹைடு உற்பத்தி அவ்வாண்டு மே மாதமே நின்றுவிட்டிருந்தது. அதற்கும் முன், 1965-இல், நீகாட்டா பிரதேசத்து அகானோ ஆற்றங்கரையில், வேறொரு கம்பெனி நடத்திய அதே வகை ஆலையின் கழிவால், மீனுண்ட மக்களிடம் அந்நோய் மறுபடியும் காணப்பட்டிருந்தது.